பத்து ஆண்டுப் பந்தயமும் பின்தங்கி நின்ற ஐந்து ஆண்டுகளும்

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் பந்தயத்தில் ஜெயித்த கதை பங்குச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்த பலருக்கும் தெரிந்ததுதான். யாரும் தலையிட்டுப் பங்கு பொறுக்காத சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, தேர்ந்த நிபுணர்கள் நடத்திய, வசதி படைத்தவர்களின் பணத்தை அதிகக் கட்டணத்துக்கு நிர்வகிக்கும் ஹெட்ஜ் ஃபண்டுகளைப் பத்து ஆண்டுகளில் தோற்கடித்தது. இண்டெக்ஸ் ஃபண்டில் முதன்முதலாகப் பணம் போட வருபவர்களுக்கு இந்தக் கதையைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆரம்பத்தையும் முடிவையும் சொல்லிவிட்டு, இடையில் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அந்த இடைக்காலத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால் ஆண்டுவாரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் நாளில் 100 டாலர் போட்டவர் ஒவ்வொரு டிசம்பர் முடிவிலும் கையில் எவ்வளவு வைத்திருப்பார் என்று பெருக்கிப் பார்த்தேன். ஐந்து போட்டியாளர்களில் முன்னணியில் இருந்த ஒருவரை முந்துவதற்கு அந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஆறாவது ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வந்தது. ஐந்து முழு ஆண்டுகள் அவருக்குப் பின்னால்தான் நின்றது. இந்த ஆய்வு அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றியது.

பந்தயம் வந்த வழி

தான் நடத்திவந்த பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் பஃபெட் ஒரு வாதத்தை வைத்தார். தொழில்முறை நிபுணர்கள் மற்றவர்களின் பணத்தை வாங்கி விற்று நிர்வகிக்கிறார்கள். அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். மொத்தமாக எடுத்துப் பார்த்தால், அவர்களிடம் பணம் கொடுத்தவர்களைவிட, குறைந்த செலவில் எல்லாப் பங்குகளையும் வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்த சாமானியர்தான் நீண்ட காலத்தில் அதிகம் சம்பாதித்திருப்பார். இதை அவர் பந்தயமாகவே அறிவித்தார். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஃபண்ட் மேனேஜர்கள் இருந்தும் முன்வந்தவர் ஒருவர்தான்: ப்ரொடீஜே பார்ட்னர்ஸ் நிறுவனத்தின் டெட் சைட்ஸ். அவரது துணிச்சலை மதிக்க வேண்டும். தன் தொழில் மீது நம்பிக்கை வைத்துப் பெயரைப் போட்டுப் பந்தயத்துக்கு வந்தவர் அவர்.

நிபந்தனை எளிமையானது. 2008 ஜனவரி 1 முதல் 2017 டிசம்பர் 31 வரை பத்து ஆண்டுகள். பஃபெட் பக்கம் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றும் வான்கார்ட் நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்ட். சைட்ஸ் பக்கம் அவர் தேர்ந்தெடுத்த ஐந்து ‘ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ்’. அதாவது, பல ஹெட்ஜ் ஃபண்டுகளில் பணத்தைப் பிரித்துப் போடும் தாய் ஃபண்டுகள். அந்த ஐந்தும் சேர்ந்து இருநூறுக்கும் மேற்பட்ட ஹெட்ஜ் ஃபண்டுகளில் பணம் வைத்திருந்தன. அவற்றின் பெயர்கள் பொதுவில் வெளியிடப்படவில்லை. ஏ, பி, சி, டி, இ என்றுதான் பஃபெட் தன் கடிதங்களில் குறிப்பிட்டார். எல்லாக் கட்டணமும் கழித்து, முதலீட்டாளரின் கைக்கு வருவது எவ்வளவு என்பதுதான் போட்டி. ஜெயித்தவர் சொல்லும் தொண்டு நிறுவனத்துக்குப் பந்தயப் பணம் போகும்.

இங்கே கொஞ்சம் நிற்போம். இண்டெக்ஸ் ஃபண்ட் என்பதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இந்தக் கதையைப் படித்தால் பாதிதான் புரியும். எஸ் அண்ட் பி 500 என்பது அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பட்டியல். இந்த வடிவில் அது 1957 முதல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள பங்குகளை, ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தை மதிப்புக்கு ஏற்ற அளவில், ஃபண்ட் வாங்கி வைத்துக்கொள்கிறது. பெரிய நிறுவனத்தில் அதிகம், சிறியதில் கொஞ்சம். ஒரு நிறுவனம் வளர்ந்தால் ஃபண்டுக்குள் அதன் பங்கு தானாகப் பெரிதாகும். தேய்ந்தால் தானாகச் சிறுக்கும். ஒரு கட்டத்தில் பட்டியலிலிருந்தே போய்விடும். எந்தப் பங்கு ஏறும் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. யோசிப்பதற்கு ஆள் வேண்டாம் என்பதால் செலவும் குறைவு.

1976இல் ஜான் போகிள் வான்கார்டில் இப்படி ஒரு ஃபண்டைப் பொதுமக்களுக்காகத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள். வந்தது சுமார் 1.13 கோடி. ‘போகிளின் முட்டாள்தனம்’ என்றே அதைச் சொன்னார்கள். பஃபெட் பந்தயத்தில் நிறுத்தியது அந்த வம்சத்தில் வந்த ஃபண்டைத்தான்.

முதல் ஆண்டு

பந்தயம் தொடங்கிய நேரம் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அதைவிடக் கெட்ட நேரமாக இருந்திருக்க முடியாது. எஸ் அண்ட் பி 500 அதுவரையிலான தன் உச்சத்தை 2007 அக்டோபர் 9ஆம் தேதி, 1565 புள்ளிகளில் தொட்டிருந்தது. பந்தயம் அதற்கு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் ஆரம்பித்தது. 2008 செப்டம்பர் 15இல் லெஹ்மன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. லெஹ்மன் அந்த ஐந்நூறில் ஒன்று. இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்த ஒவ்வொருவரும் லெஹ்மன் பங்கையும் வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸும் திவாலாகிப் பட்டியலை விட்டு வெளியேறியது.

2008 டிசம்பர் முடிவில் 100 டாலர் போட்டவரிடம் 63 டாலர் மிச்சம். 37 சதவீத நட்டம்.

அதே நாளில் எதிர்ப்பக்கம்: ஏ-யில் 83.50 டாலர், பி-யில் 77.70, சி-யில் 78.70, டி-யில் 70.70, இ-யில் 69.90. ஐந்துமே இண்டெக்ஸ் ஃபண்டைவிட மேலே. சராசரியாக அவை இழந்தது சுமார் 24 சதவீதம். சந்தை விழும்போது பாதுகாப்பது எங்கள் வேலை என்று ஹெட்ஜ் ஃபண்டுகள் சொல்வதுண்டு. அந்த ஆண்டு அதை ஓரளவு செய்தும் காட்டின. இதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயம் ஆகாது.

அடுத்த இரண்டு மாதங்களில் நிலைமை இன்னும் மோசமானது. 2009 மார்ச் 9இல் குறியீடு 676 புள்ளிகளில் முடிந்தது. உச்சத்திலிருந்து சுமார் 57 சதவீதச் சரிவு. இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போட்டவர் அன்று எப்படி இருந்திருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். செய்திகளில் எல்லாம் வங்கிகள் விழும் கதை. வேலை நிலைக்குமா என்று தெரியாது. கணக்கைத் திறந்தால் பணம் பாதிக்கும் கீழே. சந்தை இதற்குமேல் விழாது என்று சொல்ல ஒருவராலும் முடியாது. அன்றுதான் அடிமட்டம் என்பது நமக்கு இப்போது தெரிகிறது. அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

63 டாலர் மறுபடியும் 100 ஆக வேண்டுமானால் 37 சதவீதம் ஏறினால் போதாது. சுமார் 59 சதவீதம் ஏற வேண்டும். முதன்முதலாக முதலீடு செய்பவர்கள் பலரும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்த்திருந்தால், எந்தப் பணத்தை இங்கே கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரவே கூடாது என்பது தானாக விளங்கியிருக்கும்.

இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை

2009இல் சந்தை திரும்பியது. இண்டெக்ஸ் ஃபண்ட் அந்த ஆண்டு 26.6 சதவீதம் ஏறியது. 2010இல் 15.1. 2011இல் வெறும் 2.1. 2012இல் 16. இதைப் படிக்கும்போது நல்ல ஏற்றமாகத்தான் தெரியும். 100 டாலர் போட்டவரின் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் வேறு விதமாகத் தெரியும்.

2009 முடிவில் சுமார் 80. 2010 முடிவில் சுமார் 92. 2011 முடிவில் சுமார் 94. அதாவது நான்கு முழு ஆண்டுகள் காத்திருந்தும், நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபமான டிவிடெண்டை எல்லாம் மறுபடி உள்ளேயே போட்டும், போட்ட முதல் இன்னும் திரும்பவில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில்தான் 109 டாலர். ஐந்து ஆண்டுக்கு 9 டாலர் லாபம்.

அதே ஐந்தாம் ஆண்டு முடிவில் சி ஃபண்டில் இருந்தவர் கையில் 121 டாலர் இருந்தது.

பந்தயத்தின் முதல் பாதி முடிந்தபோது இதுதான் நிலவரம். ஒட்டுமொத்தமாக, 2009 தொடங்கி ஒவ்வோர் ஆண்டிலும் ஐந்து ஃபண்டுகளும் சேர்ந்த சராசரியைவிட இண்டெக்ஸ் ஃபண்ட் அதிகம்தான் ஈட்டிவந்தது. ஏ-யை அது 2011இலேயே முந்திவிட்டது. பி-யோடு 2011 முடிவில் ஏறக்குறைய சமமாக நின்று, 2012இல் தாண்டியது. ஆனால் ஐந்திலும் சிறந்ததோடு ஒப்பிட்டால் பின்தங்கியே இருந்தது. மனிதர்கள் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்களில் யார் நன்றாகச் செய்தாரோ அவரோடுதான் ஒப்பிடுவார்கள். 2012 டிசம்பரில் ஒருவர் இரண்டு கணக்குகளையும் மேசையில் வைத்து, எதில் தொடர்வது என்று கேட்டிருந்தால் பலர் சி-யைத்தான் காட்டியிருப்பார்கள். அது விழும்போது குறைவாக விழுந்தது. ஐந்து ஆண்டு முடிவில் அதிகமாகவும் கொடுத்தது. வேறென்ன வேண்டும் என்றுதானே தோன்றும்?

இந்த இடத்தில் இரண்டு கற்பனை மனிதர்களை வைத்துக் கணக்குப் போட்டேன். வரி, மாற்றும் செலவு இரண்டையும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் முடிவு இன்னும் மோசமாகத்தான் இருக்கும். இப்படி ஃபண்ட் மாறிக்கொள்ளும் வசதி ஒரு சாமானியருக்கு உண்டா என்ற கேள்வியையும் ஒதுக்கிவிடுவோம். மனம் போகும் போக்கைப் பார்ப்பதுதான் நோக்கம்.

முதலாமவர் 2008 முடிவில் பயந்துபோகிறார். தன் 63 டாலரை எடுத்து, அந்த ஆண்டு மிகக் குறைவாக விழுந்த ஏ ஃபண்டுக்கு மாற்றுகிறார். பாதுகாப்பானது என்று நிரூபித்துக் காட்டிய ஃபண்ட் அல்லவா? 2017 முடிவில் அவர் கையில் ஏறக்குறைய 92 டாலர். பத்து ஆண்டு கழித்தும் போட்ட முதலே வரவில்லை. அசையாமல் இருந்திருந்தால் அதே 63 டாலர் 225 டாலரைத் தாண்டியிருக்கும்.

இரண்டாமவர் பொறுமைசாலி. பயந்து ஓடவில்லை. ஐந்து ஆண்டு பார்த்துவிட்டு, 2012 முடிவில், தெளிவாக முன்னணியில் இருந்த சி-க்கு மாறுகிறார். 2017 முடிவில் அவரிடம் ஏறக்குறைய 168 டாலர். இருந்த இடத்திலேயே இருந்தவரைவிட 57 டாலருக்கு மேல் குறைவு.

இருவரும் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருவரும் கண்முன் இருந்த ஆதாரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். ஒருவர் ஓர் ஆண்டு ஆதாரம், இன்னொருவர் ஐந்து ஆண்டு ஆதாரம். கடந்துபோன வரிசையைப் பார்த்து ஃபண்ட் தேடுவது எவ்வளவு இயல்பாக நிகழ்கிறது, அது எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு இந்தப் பந்தயத்தின் எண்களைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்த இரண்டு எண்கள்தான்.

பின்பாதி

2013இல் இண்டெக்ஸ் ஃபண்ட் 32.3 சதவீதம் ஏறியது, சி 8.8 சதவீதம். ஒரே ஆண்டில் நிலவரம் தலைகீழானது: 144க்கு எதிராக 132. அதற்குப் பின் சொல்ல அதிகம் இல்லை. 13.6, 1.4, 11.9, 21.8 என்று ஆண்டுகள் போயின. கடைசியில் இண்டெக்ஸ் ஃபண்டில் 225.80 டாலர். ஆண்டுக்குச் சராசரியாக 8.5 சதவீதக் கூட்டு வளர்ச்சி.

மறுபக்கம் ஏ 21.7 சதவீத மொத்த லாபம், பி 42.3, சி 87.7, இ 27. டி ஃபண்ட் கடைசிவரை தாக்குப்பிடிக்கவில்லை. 2017இல் மூடப்பட்டது, அதுவரையிலான மொத்த லாபம் 2.8 சதவீதம். எந்த ஃபண்டும் ஆண்டுக்கு 6.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. பந்தயம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கும்போதே, 2017 மே மாதம், தோல்வியை சைட்ஸ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பணம் எங்கே போனது

சைட்ஸின் ஃபண்டுகளில் வேலை செய்தவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்ல. பின் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பஃபெட் கைகாட்டியது கட்டணத்தை. ஹெட்ஜ் ஃபண்டுகளின் வழக்கமான கட்டணம், நிர்வகிக்கும் தொகையில் ஆண்டுக்கு 2 சதவீதம், அத்துடன் லாபத்தில் 20 சதவீதம். தாய் ஃபண்ட் அதற்குமேல் தன் பங்குக்கு 1 சதவீதம் அளவில் எடுத்துக்கொள்ளும். இந்த ஃபண்டுகள் ஈட்டிய லாபத்தில் சுமார் 60 சதவீதம் இரண்டு அடுக்கு மேனேஜர்களுக்கே போயிருக்கும் என்பது பஃபெட்டின் மதிப்பீடு.

60 சதவீதமா என்று முதலில் எனக்கும் நம்ப முடியவில்லை. நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபண்ட் ஆண்டுக்கு 10 சதவீதம் ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 போனால் 8. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1.6 போனால் 6.4. தாய் ஃபண்டுக்கு 1 போனால் 5.4. இப்போது பத்து ஆண்டு ஓட விடுங்கள். கட்டணமே இல்லாமல் 10 சதவீதம் என்றால் 100 டாலர் 259 ஆகும். 5.4 சதவீதம் என்றால் 169. லாபம் 159க்குப் பதிலாக 69. லாபத்தில் பாதிக்கும் மேல் வழியிலேயே கரைந்துவிட்டது. அதே 10 சதவீதத்தில் ஆண்டுக்கு 0.1 சதவீதம் மட்டும் செலவு பிடிக்கும் ஃபண்டில் இருந்திருந்தால் 257 டாலர் கிடைத்திருக்கும்.

இதில் முக்கியமானது, கட்டணம் நட்ட ஆண்டிலும் போகும் என்பது. லாபத்தில் எடுக்கும் 20 சதவீதம் நின்றுவிடலாம். நிர்வாகக் கட்டணம் நிற்காது. சந்தை கொடுப்பது நிச்சயமில்லை, செலவு நிச்சயம். கூட்டு வட்டி நமக்காக வேலை செய்வதைப் போலவே கட்டணத்துக்காகவும் வேலை செய்கிறது. 1 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத் தோன்றுவது அதனால்தான் ஏமாற்றுகிறது. அதை நம் முதலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒப்பிட வேண்டியது அந்த ஆண்டு வரக்கூடிய லாபத்தோடு.

இதற்குப் பின்னால் இருக்கும் தர்க்கத்தை நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் 1991இல் மிக எளிமையாக எழுதினார். சந்தையில் உள்ள பங்குகள் அனைத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் முதலீட்டாளர்கள்தான். அவர்களில் ஒரு பகுதியினர் சந்தையை அப்படியே வாங்கி வைத்திருந்தால், அவர்களுக்குச் சந்தையின் சராசரி கிடைக்கும். அப்படியானால் மீதி உள்ளவர்களுக்கும், எல்லோரையும் கூட்டிப் பார்த்தால், அதே சராசரிதான் கிடைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றிருக்கிறார். இதிலிருந்து செலவைக் கழித்தால், அதிகச் செலவு செய்யும் கூட்டம் மொத்தத்தில் கீழே போயே தீரும். இதற்கு யாருடைய திறமையைப் பற்றியும் தவறாகப் பேச வேண்டியதில்லை. வெறும் கூட்டல் கழித்தல்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹென்ட்ரிக் பெஸ்ஸெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தப் பங்குச் சந்தையும் சேர்ந்து, அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் கருவூலப் பத்திரங்களுக்கு மேலாக உருவாக்கிய செல்வம் முழுவதற்கும் சுமார் 4 சதவீத நிறுவனங்களே காரணம் என்பது அவர் கண்டது. மீதி எல்லாம் சேர்ந்து கருவூலப் பத்திர அளவுக்குத்தான் கொடுத்தன. அந்த 4 சதவீதத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது மிகக் கடினம். எல்லாவற்றையும் வைத்திருந்தால் அது நம்மிடம் நிச்சயம் இருக்கும். லெஹ்மனையும் ஜெனரல் மோட்டார்ஸையும் சுமந்துகொண்டு அந்த இண்டெக்ஸ் ஃபண்ட் எப்படிப் பிழைத்தது என்பதற்கும் இதுதான் பதில். விழுகிற பங்கு 100 சதவீதத்துக்கு மேல் விழ முடியாது. எழுகிற பங்குக்கு அப்படி எல்லை கிடையாது.

இந்தப் பந்தயம் நிரூபிக்காதவை

இத்தனை சொன்னபிறகு, எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். தோல்வியை ஒப்புக்கொண்டபோது சைட்ஸ், கட்டணம் மட்டுமே காரணம் இல்லை, அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு அது மிக நல்ல காலமாக அமைந்துவிட்டது என்ற வாதத்தையும் வைத்தார். அதில் நியாயம் இருக்கிறது. ஹெட்ஜ் ஃபண்டுகள் முழுப் பணத்தையும் பங்குகளில் வைத்திருப்பதில்லை. குறைவாக விழுவதும் குறைவாக ஏறுவதும் அதனால்தான்.

பந்தயத்தை எட்டு ஆண்டுகள் முன்னால் நகர்த்திப் பாருங்கள். 2000 ஜனவரியில் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டில் 100 டாலர் போட்டவரிடம், டிவிடெண்ட் எல்லாம் சேர்த்தும், 2009 முடிவில் சுமார் 91 டாலர்தான் இருந்தது. பத்து ஆண்டு பொறுமைக்குக் கிடைத்தது 9 டாலர் நட்டம். ‘பத்து ஆண்டு வைத்திருந்தால் நட்டம் வராது’ என்று யாராவது உறுதி கொடுத்தால் இந்த எண்ணை அவரிடம் காட்டுங்கள்.

ஜப்பானின் கதை இன்னும் கடினமானது. நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் 29இல் 38,915 புள்ளிகளைத் தொட்டது. 2009 மார்ச்சில் 7,055க்கு விழுந்தது. பழைய உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22இல். முப்பத்து நான்கு ஆண்டுகள். டிவிடெண்டைச் சேர்த்தால் காலம் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒரு மனிதனின் உழைக்கும் வயது கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடும். இண்டெக்ஸ் ஃபண்ட் ஒரு சந்தையின் சராசரியைத்தான் கொடுக்கும். அந்தச் சந்தையே விலை ஏறிப்போய் நின்று, பிறகு பல ஆண்டுகள் இறங்கினால், சராசரியும் இறங்கும். முழுப் பணத்தையும் ஒரே நாட்டின் குறியீட்டில், ஒரே நாளில் போடுவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு என்றால், காரணம் இந்த ஜப்பான்தான்.

அதே பத்து ஆண்டு, கொஞ்சம் கொஞ்சமாக

பந்தயத்தில் பணம் முதல் நாளிலேயே மொத்தமாக உள்ளே போய்விட்டது. நிஜத்தில், தொடங்குபவர் பெரும்பாலும் சம்பாதிக்கச் சம்பாதிக்கத்தான் போடுவார். அதனால் இன்னொரு கணக்கையும் போட்டேன்: அதே பத்து ஆண்டில், ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 100 டாலர். மொத்தம் போட்டது 1000. முடிவில் கையில் ஏறக்குறைய 2115 டாலர்.

அந்தப் பத்துத் தவணைகளில் எது எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 2008 தொடக்கத்தில், உச்சத்துக்கு அருகில் போட்ட முதல் 100 டாலர் 226 ஆனது. 2009 தொடக்கத்தில், எல்லோரும் பயந்து கிடந்தபோது போட்ட இரண்டாவது 100 டாலர் 358 ஆனது. ஓர் ஆண்டு குறைவாக இருந்தும் 132 டாலர் அதிகம். பத்துத் தவணைகளிலும் அதிகம் சம்பாதித்தது அதுதான். போடுவதற்கு மிகவும் கை நடுங்கியிருக்கக்கூடிய தவணையும் அதுதான். முதல் தவணை 63 ஆகிவிட்டதைப் பார்த்தபிறகு இன்னொரு நூறைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைப்பது லேசான காரியம் அல்ல. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் போகும்படி ஏற்பாடு செய்வதை நான் வற்புறுத்துவது இதனால்தான். மனம் தயங்கும் மாதத்திலும் தவணை போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தப் பந்தயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒருவர் இண்டெக்ஸ் ஃபண்டில் முதல் முறை பணம் போடும் முன் என்னிடம் கேட்டால், முதலில் சொல்வது 63 என்ற எண்ணைத்தான். நூறு போட்டு ஓர் ஆண்டில் 63 ஆகி, நான்கு ஆண்டு கழித்தும் 94இல் நின்றால், அந்தப் பணத்தைத் தொடாமல் குடும்பம் ஓடுமா? ஓடாது என்றால் அந்தப் பணம் இங்கே வரக்கூடாது. அவசரத் தேவைக்கான சேமிப்பு தனியாக இருக்க வேண்டும், அதிக வட்டிக் கடன் இருந்தால் முதலில் அது தீர வேண்டும். ஓடும் என்றால், அப்புறம் ஃபண்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை. பரந்த குறியீடு ஒன்றைப் பின்பற்றுகிறதா, ஆண்டுச் செலவு விகிதம் எவ்வளவு, குறியீடு கொடுத்ததற்கும் ஃபண்ட் கொடுத்ததற்கும் கடந்த ஆண்டுகளில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் போதும். ஒரே ஒரு துறையை அல்லது அப்போதைக்குப் பேசப்படும் ஒரு கருப்பொருளைப் பின்பற்றும் ஃபண்டுகளும் இண்டெக்ஸ் ஃபண்ட் என்ற பெயரில்தான் வருகின்றன. இந்தப் பந்தயத்தின் எண்கள் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

பந்தயப் பணம்

கடைசியாகப் பந்தயப் பணத்தின் கதை. 2007 இறுதியில் இரு தரப்பும் தலா 3,18,250 டாலர் போட்டு அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்தார்கள். பத்து ஆண்டு முடிவில் அவை சேர்ந்து 10 லட்சம் டாலர் ஆகும் என்று ஏற்பாடு. ஐந்து ஆண்டுகளிலேயே, வட்டி விகிதங்கள் விழுந்ததால், பத்திரங்களின் விலை இறுதித் தொகையில் 95.7 சதவீதம் வரை ஏறிவிட்டது. மீதி ஐந்து ஆண்டுக்கும் அவற்றை வைத்திருந்தால் கிடைப்பது ஆண்டுக்கு 0.88 சதவீதம்தான். 2012 நவம்பரில் இரு தரப்பும் பேசி, பத்திரங்களை விற்று, பெர்க்ஷயரின் ‘பி’ வகைப் பங்குகள் 11,200 வாங்கினார்கள். ஒரே நிறுவனத்தின் பங்கில் எல்லாவற்றையும் வைத்த இந்த முடிவைத் தொடங்குபவர் யாரும் பின்பற்ற வேண்டாம்; தான் நடத்திவந்த நிறுவனத்தின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் எடுத்த முடிவு அது.

பந்தயம் முடிந்தபோது அந்தப் பங்குகள் 22,22,279 டாலர் ஆகியிருந்தன. பஃபெட் தேர்ந்தெடுத்திருந்த, ஒமாஹா நகரில் சிறுமிகளுக்காக இயங்கும் ‘கேர்ள்ஸ் இன்க்’ தொண்டு நிறுவனத்துக்கு அந்தத் தொகை போய்ச் சேர்ந்தது.